டெஸ்டோஸ்டிரோன் பேட்ச் ஒட்டிய இடம் புண்ணாகிறது: பொறுத்துக்கொள்வதா, வேறு முறைக்கு மாறுவதா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 41. சென்ற ஆண்டு பிட்யூட்டரி சுரப்பியில் வளர்ந்திருந்த, புற்றுநோய் அல்லாத ஒரு கட்டியை மூக்கு வழியாக அறுவை சிகிச்சை செய்து அகற்றினார்கள். பார்வையில் இருந்த மங்கல் போய்விட்டது. அதில் எனக்கு நிறைவுதான். ஆனால் அதன் பிறகு உடம்பு என் வசத்தில் இல்லை. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் இரவு முழுவதும் மூட்டை சுமந்தவனைப் போல் அசதி இருந்தது. தினமும் மழித்துக்கொண்டிருந்த தாடியை வாரம் ஒரு முறை மழித்தாலே போதும் என்றானது. தாம்பத்தியத்தில் நாட்டமே அற்றுப்போனது. காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றில், இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை ரத்தம் எடுத்துப் பார்த்ததில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவு டெசிலிட்டருக்கு 140 நானோகிராம் என்றும் 155 நானோகிராம் என்றும் மிகக் குறைவாக வந்தது. விரைகளுக்குக் கட்டளையிடும் பிட்யூட்டரி ஹார்மோன்களான எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டும் மிகக் குறைவாக இருந்தன.

நாள்தோறும் இரவில் தோலில் ஒட்டிக்கொள்ளும் 4 மில்லிகிராம் பேட்ச் எழுதிக்கொடுத்தார்கள். ஐந்து வாரம் ஆகிறது. மூன்றாவது வாரத்திலிருந்து காலை அசதி குறைந்திருப்பதை நானே உணர்கிறேன், என் மனைவியும் சொல்கிறார். ஆகவே மருந்து வேலை செய்கிறது என்பதில் ஐயமில்லை.

துன்பம் தோலில்தான். ஒட்டிய இடம் வட்டமாகச் சிவந்து இரண்டு மூன்று நாள் அரிக்கிறது. சென்ற வாரம் இடது தோளுக்குச் சற்றுக் கீழே, கையின் வெளிப்புறத்தில் ஒட்டியது கொப்புளமாகி, சூடு பட்டது போல் தோல் உரிந்துவிட்டது. சட்டைத் துணி பட்டாலே எரிகிறது. சில நாள் விடியும்போது பேட்ச் பாதி கழன்று படுக்கை விரிப்பில் ஒட்டிக் கிடக்கிறது. அப்படிக் கழன்றால் மேலே பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிடுகிறேன்.

இதைப் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர வேண்டுமா, ஜெல்லுக்கு மாறலாமா, ஊசி போட்டுக்கொள்வது நல்லதா? வீட்டில் இரண்டு வயதுப் பெண் குழந்தை இருக்கிறாள். பாதி இரவு என் மார்பின் மேல்தான் தூங்குவாள். அதையும் கருத்தில் கொண்டு அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1: ஒன்பது ஆண்டுகளாகப் பேட்ச் பயன்படுத்துபவர்

நண்பரே, எனக்குக் கிளைன்ஃபெல்டர் நிலை; பிறவியிலேயே ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதல். உங்களுக்குக் கட்டளையிடும் சுரப்பி பழுது, எனக்குச் சுரக்க வேண்டிய விரையே பழுது. காரணம் வேறானாலும் இரவு பத்து மணிக்கு உறையைக் கிழிக்கும் வேலை இருவருக்கும் ஒன்றுதான். நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் முதல் ஆண்டு நினைவுக்கு வந்தது. பேட்சைக் கைவிடும் முன் சிலவற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கொப்புளம். தோளுக்குக் கீழே கையின் வெளிப்புறம் எலும்பு மேடு இருக்கும் இடம். நீங்கள் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பவராகவும் இருக்கக்கூடும் என்று ஊகிக்கிறேன். பேட்சின் நடுவில் இருப்பது மருந்தும் ஆல்கஹாலும் கலந்த ஒரு சிறு தேக்கம். அதன் மேல் மணிக்கணக்கில் உடல் எடை அழுந்தினால் தோல் வெந்தது போலாகிவிடும். தோள் மேடு, இடுப்பு எலும்பு, உட்காரும்போது அழுந்தும் இடம் ஆகிய எதிலும் ஒட்டக் கூடாது என்பது இந்தப் பேட்சுக்கான அறிவுரைகளிலேயே உள்ளது. ஆனால் பொடி எழுத்தில் இருப்பதால் பலர் படிப்பதில்லை. வயிறு, முதுகு, தொடை, கையில் சதைப்பற்றுள்ள பகுதி ஆகியவை ஏற்றவை. நான் மல்லாந்து படுப்பவன் என்பதால் வயிற்றையும் தொடையின் முன்புறத்தையும் மட்டுமே பயன்படுத்துகிறேன்.

அடுத்து, ஒரே இடத்துக்குத் திரும்ப ஏழு நாளாவது ஆக வேண்டும். நான் வயிற்றை நான்காகவும் இரு தொடைகளை இரண்டிரண்டாகவும் மனத்தில் பிரித்துக்கொண்டு, குளியலறைக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிய சிறு தாளில் ஒவ்வோர் இரவும் புள்ளி வைக்கிறேன். ஒன்பது ஆண்டுகளாகியும் அந்தத் தாள் இல்லாவிட்டால் எனக்கு இடம் மறந்துவிடும். அரிப்பு தாங்காது போனால், 0.1 சதவீத டிரையம்சினோலோன் கிரீமை மிகச் சிறிதளவு, பேட்சின் நடுப்பகுதி படும் இடத்தில் மட்டும் தடவி, அது தோலில் ஊறிய பின் ஒட்டலாம் என்று என் மருத்துவர் சொன்னார். எனக்கு அது பெரிய ஆறுதலைத் தந்தது. கிரீமாகத்தான் இருக்க வேண்டும். களிம்பாக இருந்தால் அதன் கொழுப்பு மருந்து தோலுக்குள் இறங்குவதையே தடுத்துவிடும். இதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே செய்யுங்கள்.

ஏன் இப்படி எரிகிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்குப் பொறுமை வந்தது, அதனால் எழுதுகிறேன். அமெரிக்காவில் 1993-இல் அனுமதி பெற்ற முதல் டெஸ்டோஸ்டிரோன் பேட்சை விரைப்பையின் மேல் ஒட்ட வேண்டியிருந்தது; அந்தத் தோல் மிக மெல்லியது என்பதால் மருந்து தானாகவே உட்புகும். ஆனால் அங்கே முடியை மழிப்பதும், நாள் முழுவதும் அது கழலாமல் பார்த்துக்கொள்வதும் எளிதாக இல்லை. 1995-இல் உடம்பின் பிற பகுதிகளில் ஒட்டும் பேட்ச் வந்தது. முதுகுத் தோலும் தொடைத் தோலும் அவ்வளவு எளிதில் வழிவிடாது. எனவே மருந்தை உள்ளே தள்ளுவதற்கென்று துணைப்பொருள்களைச் சேர்த்தார்கள். உங்களையும் என்னையும் அரிக்க வைப்பவை பெரும்பாலும் அவைதாம். டெஸ்டோஸ்டிரோன் உங்கள் உடம்புக்கு ஒவ்வாததாகிவிட்டது என்று இதற்குப் பொருளில்லை.

கழல்வதைப் பொறுத்தவரை, எண்ணெயோ பவுடரோ ஈரமோ இல்லாத தோலில், உறையைப் பிரித்த உடனே ஒட்டி, உள்ளங்கையால் பத்து நொடி அழுத்திவிட்டு, பிறகு விரலால் ஓரத்தைச் சுற்றி வாருங்கள். ஒட்டிய மூன்று மணி நேரத்துக்குள் குளிக்காதீர்கள். பிளாஸ்திரி போட்டு இழுத்துக் கட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். நண்பகலுக்கு முன் கழன்றால் புதியது ஒன்றை ஒட்டிக்கொண்டு இரவில் வழக்கம்போல் மாற்றலாம். நண்பகலுக்குப் பின் கழன்றால் இரவு வரை காத்திருக்கலாம். பாதியாக வெட்டிப் பயன்படுத்துவது வேண்டவே வேண்டாம், தேக்கம் கசிந்துவிடும்.

படுக்கை விரிப்பில் கிடக்கும் பேட்ச்தான் எனக்குக் கவலை தருகிறது. பயன்படுத்திய பேட்சிலும் மருந்து மிச்சமிருக்கும். அது குழந்தையின் முதுகில் ஒட்டிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் பேட்ச் உடம்பில் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கழற்றியதை ஒட்டும் பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து, குழந்தைக்கு எட்டாத குப்பைத் தொட்டியில் போடுங்கள். அறுவைக்குப் பின் உங்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டே இருப்பார்கள் அல்லவா? சில பேட்சுகளில் அலுமினியம் இருப்பதால், அந்தக் கருவிக்குள் போகும் முன் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் தோல் சுட்டுவிடும்.

மறுமொழி 2: ஒரு தாய்

சகோதரரே, ஜெல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன். என் கணவர் இரண்டு ஆண்டுகள் தோளில் ஜெல் தடவி வந்தார். காலையில் தடவி, உலர்வதற்குள் பனியனைப் போட்டுக்கொண்டு, மகனைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொள்வார். மகனுக்கு மூன்று வயதாகும்போது, குளிப்பாட்டுகையில் அடிவயிற்றின் கீழே கருமுடி அரும்பியிருப்பதைக் கண்டேன். குழந்தை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பின் வயது உண்மை வயதைத் தாண்டிவிட்டது என்றார். வீட்டில் யாராவது ஹார்மோன் மருந்து தடவுகிறார்களா என்று அவர் கேட்ட பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009-ஆம் ஆண்டிலேயே இதற்காக ஜெல்களின் மேல் மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிடச் செய்திருந்தது என்பதையும் பிறகுதான் அறிந்தோம்.

தொடர்பு நின்றதும் வளர்ச்சி அடங்கியது; இப்போது மகன் நலமாக இருக்கிறான். சோப்புப் போட்டுக் கை கழுவி, ஜெல் நன்கு உலர்ந்த பின் துணியால் மூடி, பிறரைத் தொடும் முன் அந்த இடத்தைக் கழுவினால் ஆபத்து வெகுவாகக் குறையும் என்பது உண்மையே. ஆனால் மார்பில் தூங்கும் இரண்டு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில், ஒவ்வொரு நாளும், ஒரு நாள் கூடத் தவறாமல் அதைக் கடைப்பிடிக்க முடியுமா என்று எண்ணிப் பாருங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஜெல்லைத் தொட மாட்டேன்.

மறுமொழி 3: நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்

ஐயா, இது உங்கள் மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்றாகாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மேலே தோலைப் பற்றிச் சொன்னவை சரியானவை. தோல் பரந்து சிவந்து, பேட்சின் எல்லையைத் தாண்டியும் தடித்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். அப்போது தொடர வேண்டாம். நீங்கள் சொல்வது அழுத்தத்தால் வந்த கொப்புளம் போலத் தோன்றுகிறது. அந்தப் புண் ஆறும்வரை அங்கே எதையும் ஒட்டாதீர்கள்.

பேட்சை இரவில் ஒட்டச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உடல்நலமுள்ள இளம் ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் விடியற்காலையில் உச்சத்தில் இருந்து மாலையில் குறையும். இரவு பத்து மணியளவில் ஒட்டிய பேட்ச் ஏறத்தாழ அதே ஏற்ற இறக்கத்தைத் தருகிறது. சரியான அளவு உடம்பில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், முந்தைய இரவு ஒட்டிவிட்டு மறுநாள் அதிகாலையில் ரத்தம் கொடுக்க வேண்டும். தொடங்கி இரண்டு வாரத்தில் செய்ய வேண்டிய பரிசோதனை இது. ஐந்து வாரமாகியும் நீங்கள் இதைக் குறிப்பிடவில்லை. பேட்ச் கழன்று கிடந்த நாளில் எடுத்தால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. பொதுவாக டெஸ்டோஸ்டிரோன் 400-க்கும் 930-க்கும் இடையில் இருந்தால் மருந்தின் அளவை மாற்றத் தேவையில்லை.

ஊசியைக் கேட்டீர்கள். எனந்தேட், சிப்பியோனேட் ஆகிய டெஸ்டோஸ்டிரோன் ஊசிகளை ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போடுவார்கள். போட்ட இரண்டு மூன்று நாளில் அளவு உச்சத்துக்குப் போய், அடுத்த ஊசிக்கு முன் சரிந்துவிடும். மனநிலையும் அதோடு ஏறி இறங்குவதாகப் பலர் சொல்கிறார்கள். அண்டெக்கனோயேட் என்ற நீண்ட நாள் ஊசியில், தொடக்கத்துக்குப் பின் பத்து முதல் பதினான்கு வாரத்துக்கு ஒரு முறை போட்டால் போதும். ஊசிகளில் ரத்தம் கெட்டியாகும் போக்கு பேட்சைவிட அதிகம். எந்த முறையானாலும் ஹிமாட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) அளவைத் தொடங்கும் முன்பும், மூன்று முதல் ஆறு மாதத்திலும், பிறகு ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். அது 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்தி, குறைந்த பின்னரே மீண்டும் தொடங்குவோம். உங்கள் வயதில் புராஸ்டேட் பற்றி உங்கள் மருத்துவர் குடும்ப வரலாற்றைக் கேட்டு முடிவு செய்வார்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்க வேண்டியிருக்கிறது. உங்களுக்கு 41 வயது. இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறாள். இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் உங்கள் இருவருக்கும் உண்டா? பேட்ச், ஜெல், ஊசி என்று எந்த வடிவில் வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தாலும் அது விந்தணு உற்பத்தியை அடக்கும். விந்தணு உருவாக விரைக்குள் இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் செறிவு ரத்தத்தில் இருப்பதைப் போலப் பல மடங்கு; அதை உண்டாக்குவது எல்.எச். கட்டளை மட்டுமே. வெளியிலிருந்து வரும் மருந்து அந்தக் கட்டளையை நிறுத்திவிடுகிறது. ஆண்மைக்கான மருந்து என்று எண்ணி, குழந்தை வேண்டிக் காத்திருக்கும்போதே இதைப் பயன்படுத்தும் ஆண்களை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். யாரும் அவர்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்தக் கேள்வியைக் கேட்காமல் இம்மருந்தை எழுதிக்கொடுப்பது பெரும் பிழை என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. படுக்கும் பக்கம் பற்றிய ஊகம் முற்றிலும் சரி. இடப்பக்கம்தான் ஒருக்களித்துப் படுப்பேன். இரண்டு இரவாக வயிற்றில் ஒட்டுகிறேன். சிவப்பு இருக்கிறது, ஆனால் எரிச்சல் பாதியாகிவிட்டது.

மருத்துவர் ஐயாவின் கேள்வியைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தோம். இன்னொரு குழந்தை வேண்டும் என்பது எங்கள் இருவரின் விருப்பம். அறுவை முடியட்டும், உடம்பு தேறட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தோம். உடம்பு தேறுவதற்கான மருந்தே இதற்குத் தடையாகும் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த ஐந்து வாரத்தில் எல்லாம் கெட்டுவிட்டதா?

மறுமொழி 3 எழுதிய மருத்துவர், மீண்டும்

கெடவில்லை. உங்களுக்கு எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டும் அறுவைக்குப் பின்னரே மிகக் குறைவாக இருந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே பேட்ச் தொடங்குவதற்கு முன்பே விந்தணு உற்பத்தி சரிந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஐந்து வாரப் பேட்ச் அதை நிரந்தரமாக அழித்துவிடாது. உங்கள் விரைகள் பழுதாகவில்லை, அவற்றுக்குக் கட்டளை வரவில்லை, அவ்வளவுதான். கட்டளையை வெளியிலிருந்து கொடுக்க முடியும். எல்.எச். செய்யும் வேலையைச் செய்யும் எச்.சி.ஜி. என்ற ஊசியை வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை தோலுக்கடியில் போடுவார்கள். அது விரையையே டெஸ்டோஸ்டிரோன் சுரக்க வைப்பதால் அசதிக்கும் நாட்டத்துக்கும் தனியாகப் பேட்ச் தேவைப்படாது. சில மாதங்களில் விந்தணு தென்படாவிட்டால் எஃப்.எஸ்.எச். ஊசியையும் சேர்ப்பார்கள். பருவமடைந்த பின் குறை ஏற்பட்ட உங்களைப் போன்றோருக்கு, அதிலும் முன்பே ஒரு குழந்தைக்குத் தந்தையானவருக்கு, பலன் கிடைக்கும் வாய்ப்பு நன்றாகவே உள்ளது. காலம் மட்டும் பிடிக்கும். ஆறு மாதமாகலாம், இரண்டு ஆண்டும் ஆகலாம். விந்தணு வந்ததும் சிறிது எடுத்து உறையவைத்துச் சேமிப்பது பற்றியும் கேளுங்கள்.

பேட்சை இன்றே நீங்களாகக் கழற்றிவிட வேண்டாம். முதலில் விந்துப் பரிசோதனை செய்துகொண்டு, முடிவோடு உங்கள் மருத்துவரைச் சந்தித்து, மாறும் நாளை அவரோடு சேர்ந்து குறியுங்கள். பிட்யூட்டரி அறுவை என்பதால் கார்டிசோலும் தைராய்டும் சரியாக உள்ளனவா என்பதையும் அந்தச் சந்திப்பிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். அசதிக்கு அவையும் காரணமாகும்.

மறுமொழி 4

இடையில் புகுவதற்குப் பொறுத்தருள்க. எனக்கு வயது 58. உடல் பருமன் உண்டு, மாலையில் மிகுந்த சோர்வு. பிற்பகலில் எடுத்த பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் 290 என்று வந்தது. நானும் பேட்ச் கேட்டு வாங்கலாமா?

மறுமொழி 3 எழுதிய மருத்துவர்

ஐயா, பிற்பகலில், ஒரே ஒரு முறை எடுத்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். நோயற்ற நாளில், அதிகாலையில், வெறும் வயிற்றில் இரண்டு முறை பார்த்து, இரண்டிலும் குறைவு என்றால்தான் அடுத்த பேச்சு. அமெரிக்கச் சிறுநீரியல் (யூராலஜி) சங்கம் 300-க்குக் கீழ் என்பதை எல்லையாகக் கொள்கிறது. பருமனே இந்த ஹார்மோனைக் குறைக்கும். எடை குறைந்தால் அது ஓரளவு தானாகவே உயரும். இரவில் குறட்டையும் மூச்சுத் தடையும் இருந்தால் சோர்வுக்கு அதுவே காரணமாகலாம், மேலும் சிகிச்சை பெறாத கடும் மூச்சுத் தடையில் இந்த மருந்து கேடு செய்யும். 65 வயதைத் தாண்டிய 790 பேரிடம் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பாலுறவு நாட்டம் மிதமாகக் கூடியது. சோர்வில் குறிப்பிடத்தக்க நன்மை தெரியவில்லை. இதய நோயோ அதற்கான ஆபத்தோ உடைய 5,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2023-இல் வெளியான டிராவர்ஸ் ஆய்வில், மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை என்பது ஆறுதல். ஆனால் சீரற்ற இதயத் துடிப்பும் நுரையீரலில் ரத்தக் கட்டியும் மருந்து பெற்றோரிடம் சற்று அதிகமாக இருந்தன. தயவுசெய்து தூக்கப் பரிசோதனையில் இருந்து தொடங்குங்கள்.

கேள்வி கேட்டவர், மூன்று வாரத்துக்குப் பின்

விவரம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். விந்துப் பரிசோதனையில் அணுக்கள் எதுவும் தென்படவில்லை. முன்கூட்டியே உங்களிடம் கேட்டறிந்திருந்ததால் அந்தத் தாளை நடுங்காமல் படிக்க முடிந்தது. கார்டிசோலும் தைராய்டும் சரியாக உள்ளன. பேட்ச் ஒட்டிய மறுநாள் காலை எடுத்த டெஸ்டோஸ்டிரோன் 460. மருத்துவரிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன்; முன்பே கேட்டிருக்க வேண்டும் என்று அவர் வருந்தினார். எச்.சி.ஜி. ஊசி வரும் திங்கட்கிழமை தொடங்குகிறது, ஞாயிறு இரவு பேட்ச் ஒட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். ஊசி போடும் முறையை என் மனைவியும் உடனிருந்து கற்றுக்கொண்டார்.

கையில் இருந்த புண் ஆறிவிட்டது. ஒரு காசளவுக்குக் கருத்த தழும்பு மட்டும் இருக்கிறது. மீதமுள்ள பேட்சுகளைப் பூட்டி வைத்திருக்கிறேன். கண்ணாடி ஓரத்தில் புள்ளி வைக்கும் தாளை நானும் ஒட்டியிருந்தேன். அதை எடுக்காமல், ஊசி போடும் நாள்களைக் குறிப்பதற்கு வைத்துக்கொள்ளப் போகிறேன்.